'கெற்' என்ற வினைக்கு 'பெறு' என்று மட்டும் எழுதினால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் பத்திரிகைகளின் மாணவர் பக்கங்களில் ஆங்கில வினைச்சொல் அட்டவணைகள் வரத் தொடங்கும். நான்கு நிரல்கள் இருக்கும். முதல் மூன்றில் வினையின் மூன்று வடிவங்கள், நான்காவதில் ஒரேயொரு தமிழ்ச் சொல். 'கெற்' (get) என்ற வினைக்கு நேரே 'பெறு' என்று போட்டிருப்பார்கள். வன்னியில் மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வகுப்பறைக்கு வெளியே கிடைக்கும் ஆங்கிலம் இந்தப் பத்திரிகைத் துண்டுதான். அதை வெட்டிக் கொப்பியில் ஒட்டி மனனம் செய்கிறார்கள். செய்த பிறகும் 'ஐ கொற் வெற்' (I got wet) என்ற சின்ன வசனத்தின் முன்னால் நின்றுவிடுகிறார்கள். 'நான் ஈரத்தைப் பெற்றேன்' என்று எழுதும் பிள்ளையில் குற்றம் இல்லை. அட்டவணை சொன்னதைத்தான் அது செய்தது. 'நனைஞ்சு போனேன்' என்பதே அந்த வசனத்தின் பொருள்.

ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகளில் 'கெற்' ஒன்று. பழைய நோர்ஸ் மொழியிலிருந்து 1200 ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்துக்குள் வந்தது. பிடித்தல், கைக்கொள்ளுதல் என்பது வேர்ப்பொருள். மறத்தலைக் குறிக்கும் 'ஃபொகெற்' என்ற சொல்லிலும் இருப்பது அதே வேர்தான். பிடித்து வைத்திருந்தது நழுவிப்போவதே மறதி. அங்கிருந்து அது பல பக்கம் கிளைத்துவிட்டது. ஆனால் அந்தக் கிளைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். 'கெற்' என்பதற்குப் பின்னால் வருவது பெயர்ச்சொல்லா, பெயரடையா, வினையின் மூன்றாம் வடிவமா, இடமா என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

பின்னால் பெயர்ச்சொல் வரும்போது மட்டுமே 'பெறு' ஓரளவு பொருந்தும். அப்போதும் நாம் பேசும் தமிழில் மூன்று சொற்கள் அந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தானாக வந்து சேர்ந்தால் 'கிடைத்தது', காசு கொடுத்தால் 'வாங்கினேன்', போய்க் கொண்டுவந்தால் 'எடுத்துக்கொண்டு வந்தேன்'. ஆங்கிலம் மூன்றுக்கும் 'கொற்' என்றே சொல்லும். இதில் பிள்ளைகள் அதிகம் தடுக்குவது 'கிடைத்தது' என்பதில்தான். 'எனக்குக் கடிதம் கிடைத்தது' என்னும்போது கடிதம் எழுவாய், ஆள் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். ஆங்கிலத்தில் ஆள்தான் எழுவாய். அதனால்தான் 'ரு மீ கொற் எ லெற்றர்', 'எ லெற்றர் கொற் மீ' என்றெல்லாம் விடைத்தாளில் வருகிறது. எழுத முதல் 'எனக்கு' என்பதை 'நான்' என்று மாற்றிப் பார்க்கப் பழக்கினால் 'ஐ கொற் எ லெற்றர்' என்பது தானாக வரும்.

இன்னொரு பிழை செய்வினை, செயப்பாட்டுவினைப் பயிற்சிகளில் வருகிறது. 'ஹீ கொற் எ லெற்றர்' என்ற வசனத்தைக் கொடுத்து மாற்றச் சொன்னால் பிள்ளை இயந்திரம்போல் 'எ லெற்றர் வோஸ் கொற் பை ஹிம்' என்று மாற்றும். ஆங்கிலம் பேசுவோர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். கிடைத்தல் பொருளில் 'கெற்' செயப்பாட்டுவினை ஏற்காது. அந்த வசனத்தைப் பயிற்சியில் கொடுக்காமல் விடுவதே நல்லது. வேண்டுமானால் 'றிசீவ்' என்ற வினையைப் போட்டுக் கொடுக்கலாம்.

வன்னிக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. காணி அலுவலுக்கு ஆங்கிலத்தில் சத்தியக்கடதாசியோ கடிதமோ எழுதும்போது 'ஐ கொற் திஸ் லான்ட் இன் 1975' என்று எழுதிவிடுகிறார்கள். பேச்சில் அது சரியான வசனம். ஆனால் காணி எந்த வழியில் வந்தது என்பதை அது சொல்லவே இல்லை. வாங்கினாரா, தாய் தகப்பன் வழியில் வந்ததா, நன்கொடை உறுதியா, அரசாங்கம் கொடுத்ததா? முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் வைத்திருப்பது பேமிற் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணியை உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் விற்கவோ கைமாற்றவோ முடியாது. ஆகவே 'போற்', அதாவது விலைக்கு வாங்கினேன் என்று ஒருவர் தெரியாமல் எழுதிவிட்டால், அந்தச் சொல்லே அவருக்கு எதிராக நிற்கும். 'கொற்' என்று மூடலாக எழுதினால் அலுவலகத்தில் திருப்பிக் கேள்வி வரும். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்ததென்றால் 'வோஸ் கிறான்ரட் ஒன் எ பேமிற்'. பரம்பரையாக வந்ததென்றால் 'இன்ஹெறிற்றட்'. அனுமதிப்பத்திரக்காரர் இறந்தபின் பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளராக வந்தவர் 'சக்சீடட் ரு த பேமிற்' என்று எழுத வேண்டும். காசு கொடுத்து உறுதி முடித்தவர் மட்டும் 'போற்' என்று எழுதலாம்.

இதே காரணத்தால் அலுவலகக் கடிதங்களில் 'றிசீவ்', 'ஒப்ரெயின்' என்ற இரண்டையும் கலக்கக்கூடாது. நம்மிடம் தானாக வந்து சேர்ந்ததற்கு 'றிசீவ்'. விண்ணப்பித்து, அலைந்து எடுத்ததற்கு 'ஒப்ரெயின்'. உரமானியப் பணம் வந்து சேரவில்லை என்றால் 'ஐ டிட் நொற் றிசீவ்'. உறுதிப்படுத்தல் கடிதத்தைக் கிராம அலுவலரிடம் போய் எடுத்தேன் என்றால் 'ஐ ஒப்ரெயின்ட்'. 'கெற்' என்பதை எழுத்தில் தொடவே கூடாது என்று கற்பித்த ஆசிரியர்கள் முன்பு இருந்தார்கள். அலுவலகக் கடிதத்துக்கு அது சரியான அறிவுரை. பேச்சுக்கும் அதையே விதியாக்கியதால்தான் எழுதத் தெரிந்த பிள்ளை வாய் திறக்கப் பயப்படுகிறது.

பின்னால் பெயரடை வந்தால் 'கெற்' என்பது 'ஆகு', 'போ' என்ற பொருளுக்கு மாறும். 'கெற் ரயர்ட்' என்றால் களைத்துப்போதல், 'கெற் ஆங்ரி' என்றால் கோபப்படுதல், 'கெற் டார்க்' என்றால் இருட்டுப்படுதல். களைச்சுப் போனேன், நனைஞ்சு போனேன் என்று நாங்கள் 'போ' என்பதைத் துணைவினையாகப் போடும் இடங்களில் பெரும்பாலும் 'கெற்' சரியாக உட்காரும். பிள்ளைக்கு இது புது விடயமே இல்லை, தன் வாய்த்தமிழில் ஏற்கெனவே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தால் போதும்.

ஆனால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இந்த 'ஆகு' பொருள் வராது. அண்ணா வைத்தியராகிவிட்டார் என்று சொல்ல நினைத்து 'மை பிறதர் கொற் எ டொக்டர்' என்று எழுதினால், அண்ணா எங்கேயோ போய் ஒரு வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வந்தார் என்றுதான் படிப்பவர் விளங்கிக்கொள்வார். அங்கே 'பிகேம் எ டொக்டர்' என்று போட வேண்டும். சாப்பாடு பழுதாவதற்கும் 'கெற்' பொருந்தாது, 'கோ பாட்' என்பதே வழக்கு. கண்பார்வை போவதற்கும் தலை நரைப்பதற்கும் அதே 'கோ'தான் வரும். 'ஐ ஆம் கெற்றிங் லேற்' என்று நம்நாட்டில் நிறையப் பேர் சொல்கிறார்கள். இங்கே யாருக்கும் விளங்கும். வெளிநாட்டவருக்கோ பரீட்சைக்கோ 'இற் இஸ் கெற்றிங் லேற்' என்று நேரத்தை எழுவாயாக்க வேண்டும், அல்லது 'ஐ ஆம் லேற்' என்று முடிக்க வேண்டும். எழுத்துக்கூட்டலில் 'கெற்றிங்' என்பதற்கு 'ரீ' (t) எழுத்து இரண்டு. ஒன்று போட்டு எழுதுவது மிகப் பரவலான பிழை.

வைத்தியசாலையில் காலம் மாறினால் பொருளும் மாறும். 'ஐ ஹாவ் கொற் எ ஃபீவர்' என்றால் இப்போது காய்ச்சல் இருக்கிறது. 'ஐ கொற் எ ஃபீவர் ஒன் ருயூஸ்டே' என்றால் செவ்வாய்க்கிழமை காய்ச்சல் தொடங்கியது. 'ஐ கெற் எ ஃபீவர் எவ்ரி ஈவினிங்' என்றால் பின்னேரத்தில் வந்து வந்து போகிறது. காய்ச்சல் எப்போது தொடங்கியது, விட்டுவிட்டு வருகிறதா என்பதை வைத்துத்தான் வைத்தியர் அடுத்த சோதனையைத் தீர்மானிப்பார். தமிழ் தெரியாத வைத்தியருக்கு முன்னால் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்திருப்பது மிகவும் முக்கியம்.

இனி மூன்றாம் வடிவம். 'ஹீ கொற் ஹேர்ட்' என்றால் அவனுக்குக் காயம் பட்டது. 'த றோட் கொற் வோஷ்ட் அவே' என்றால் வெள்ளம் ரோட்டை அள்ளிக்கொண்டு போய்விட்டது. நினையாமல் நடந்தது, பெரும்பாலும் கெட்டது. தமிழில் 'பட்டது', 'போச்சுது', 'வாங்கினான்' என்று முடியும் இடங்கள் இவை. ஏச்சு வாங்கினான் என்பதற்கு 'ஹீ கொற் ஸ்கோல்டட்' என்பது அப்படியே பொருந்துகிறது. திட்டமிட்டு, முறைப்படி நடந்தவற்றுக்கு இதைப் போடக்கூடாது. பாடசாலை கட்டப்பட்டது என்பதற்கு 'வோஸ் பில்ற்' என்றுதான் எழுத வேண்டும், 'கொற் பில்ற்' என்று எழுதினால் ஒட்டாது. கலியாணம் இதற்கு விதிவிலக்கு. 'கெற் மரீட்' என்பது நிகழ்வு, அதற்குத் தேதி சொல்லலாம். 'இஸ் மரீட்' என்பது நிலை. கூடவே, கலியாணம் கட்டிய ஆளைச் சொல்லும்போது 'விஃத்' போடுவது பிழை, 'ரு' போட வேண்டும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது பிறவினை. நம்மூரில் கமக்காரர் தன் வயலைப் பெரும்பாலும் தானே உழுவதில்லை. உழவு இயந்திரம் வைத்திருப்பவரை வாடகைக்குப் பிடித்து உழுவிக்கிறார். பேச்சில் 'உழுவிச்சனான்', 'கட்டுவிச்சனான்', 'திருத்துவிச்சனான்' என்று மிகத் துல்லியமாகச் சொல்கிறோம். செய்தவரும் செய்வித்தவரும் வேறு என்பது ஒரே 'வி'யில் தெரிந்துவிடுகிறது. அதே ஆள் ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஐ பிளவுட் மை ஃபீல்ட்' என்று எழுதுகிறார். தானே உழுததாகப் பொருள். 'ஐ கற் மை ஹெயார்' என்றால் கண்ணாடிக்கு முன் நின்று தன் தலைமயிரைத் தானே வெட்டிக்கொண்டதாகப் பொருள். சரியான அமைப்பு: கெற், பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். 'ஐ கொற் மை ஃபீல்ட் பிளவுட்.' 'ஐ கொற் மை ஹெயார் கற்.' பொருள் நடுவில் நிற்க வேண்டும். 'ஐ கொற் பிளவுட் மை ஃபீல்ட்' என்று ஒழுங்கை மாற்றினால் வசனமே குலைந்துவிடும்.

செய்தவரைச் சொல்ல வேண்டுமென்றால் அமைப்பு வேறு. கெற், ஆள், 'ரு', வினையின் முதல் வடிவம். 'ஐ கொற் ஹிம் ரு றிப்பெயார் த பம்ப்', அவனைக் கொண்டு நீர்ப்பம்பியைத் திருத்துவிச்சன். இதில் கேட்டு, சொல்லி, இணங்க வைத்து என்ற சாயல் உண்டு. இதே பொருளில் 'ஹாவ்', 'மேக்' என்ற வினைகளையும் போடலாம், ஆனால் அவற்றுக்குப் பிறகு 'ரு' வராது. 'கெற்' என்பதற்கு மட்டும் கட்டாயம் வரும். உயர்தர மாணவர்களே இங்கே சறுக்குகிறார்கள். வீட்டுத்திட்டம், வெள்ள நிவாரணம் போன்றவற்றுக்கு ஆங்கில அறிக்கை எழுதும் இளைஞர்களுக்கும் இது அன்றாடம் தேவை. பயனாளி தானே கூரை வேய்ந்தாரா, கூலிக்கு ஆள் பிடித்து வேய்வித்தாரா என்பதில்தான் செலவுக் கணக்கே நிற்கிறது.

இடம் வந்தால் 'போய்ச் சேர்' என்று பொருள். 'கெற் ரு ஸ்கூல்', 'கெற் ரு மாங்குளம்' என்று 'ரு' போட வேண்டும். 'ஹோம்', 'ஹியர்', 'தெயார்' மூன்றுக்கும் 'ரு' கூடாது. 'றீச்' என்ற வினைக்குப் பின்னால் எந்த இடைச்சொல்லும் வராது. 'றீச் ரு' என்பது பிழை. வாகனங்களில் பஸ், ரயில், சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்குக் 'கெற் ஒன்', 'கெற் ஓஃப்'. காருக்கும் ஓட்டோவுக்கும் 'கெற் இன்', 'கெற் அவுற் ஒஃப்'. உள்ளே நாம் எழுந்து நடக்கக்கூடிய வாகனமும் காலைப் பரப்பி ஏறும் வாகனமும் முதல் வகை, குனிந்து உள்ளே போய் இருப்பவை இரண்டாம் வகை. பஸ்ஸிலிருந்து இறங்குவதைக் 'கெற் டவுன்' என்பது நம் நாட்டு வழக்கு. கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் தருவிப்பதையும் அதே 'கெற் டவுன்' என்று சொல்கிறோம், அது இலங்கைக்கு வெளியே விளங்காது.

பழக்கத்தைக் குறிக்கும் 'யூஸ்ட் ரு' பற்றியும் சொல்ல வேண்டும். 'ஐ யூஸ்ட் ரு கெற் அப் ஏர்லி' என்றால் முன்பு வெள்ளென எழும்புவேன், இப்போது இல்லை. 'ஐ கொற் யூஸ்ட் ரு கெற்றிங் அப் ஏர்லி' என்றால் வெள்ளென எழும்பிப் பழகிவிட்டேன். கிட்டத்தட்ட எதிர்ப்பொருள். இரண்டாவதில் 'ரு' என்பதற்குப் பின் 'இங்' வடிவம் வருவதைக் கவனிக்க வேண்டும். 'கெற் அப்' என்றால் படுக்கையை விட்டு எழும்புவது. நித்திரை முறிவதற்கு 'வேக் அப்' என்று வேறு வினை இருக்கிறது.

'ஹாவ் கொற்' என்பது உடைமை. நிகழ்காலத்துக்கு மட்டும் பயன்படும். முன்பு இரண்டு மாடு இருந்தன என்பதற்கு 'ஹாட்' போதும். 'டூ யூ ஹாவ் கொற்' என்று இரண்டு முறையைக் கலந்து கேட்பது பிழை. 'ஹாவ் யூ கொற்' அல்லது 'டூ யூ ஹாவ்', ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். கைத்தொலைபேசியிலும் படங்களிலும் பிள்ளைகள் கேட்கும் 'கொற்றன்' அமெரிக்க வழக்கு. 1611 இன் ஆங்கில விவிலியத்திலேயே அந்த வடிவம் இருக்கிறது. இங்கிலாந்து பின்னர் கைவிட்டதை அமெரிக்கா வைத்துக்கொண்டது. ஆகவே அது பிழை என்று பிள்ளையை ஏசத் தேவையில்லை. ஆனால் நம் பாடநூல்கள் பிரித்தானிய வழக்கில் இருப்பதால் பரீட்சையில் 'கொற்' என்றே எழுதட்டும்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. வவுனியா 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அங்கே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கப் போகும் பிள்ளைக்கு முதல் நாளிலேயே இந்த வினை வரும். 'டிவைட் பை ரூ அன்ட் யூ கெற் ஃபைவ்', இரண்டால் பிரித்தால் ஐந்து வரும். 'டிட் யூ கெற் இற்?', விளங்கினதா? 'பெறு' என்பதை மட்டும் மனனம் செய்த பிள்ளை இங்கே எதைப் பெறுவது என்று தேடிக்கொண்டிருக்கும்போது விரிவுரை அடுத்த வரிக்குப் போய்விடும்.

கற்பிக்கும் முறை பற்றி ஒரு யோசனை. ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஒரு வாரத்துக்கு ஓர் அமைப்பை மட்டும் எடுக்க வேண்டும். கரும்பலகையில் ஒரு மாதிரி வசனம் எழுதி, பிள்ளைகள் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றி ஆளுக்கு ஆறு வசனம் வாயால் சொல்ல வேண்டும், அதன் பிறகே எழுத வேண்டும். பெயர்ச்சொல், பெயரடை, இடம் என்ற மூன்றும் ஆறாம், ஏழாம் வகுப்புக்கே போதுமான எளிமையானவை. மூன்றாம் வடிவத்தையும் பிறவினையையும் அதற்கு முன்னால் தொடக்கூடாது. மூன்றாம் வடிவங்களே மனத்தில் நிற்காத வயதில் 'கொற் மை ஃபீல்ட் பிளவுட்' வெறும் ஓசையாகிவிடும். நாற்பது, ஐம்பது கூட்டுவினைகளை ஒரேநாளில் பட்டியலாகக் கொடுப்பதால் ஒன்றும் தங்காது. கெற் அப், கெற் ஒன், கெற் ஓஃப், கெற் பாக், கெற் ஓவர், கெற் றிட் ஒஃப் என்ற ஆறும் ஒரு தவணைக்குத் தாராளம். பிழை வந்தால் விடையைச் சொல்லிவிடாமல், 'பின்னால் என்ன சொல் நிற்குது?' என்று கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளையே திருத்திக்கொள்ளும்.

தங்களிடம் கேட்பது இதுதான். வினைச்சொல் அட்டவணையை நிறுத்த வேண்டாம், அந்த மூன்று வடிவங்களும் தேவை. நான்காவது நிரலில் ஒற்றைத் தமிழ்ச் சொல்லுக்குப் பதிலாக இரண்டு, மூன்று குறு வசனங்களை அவற்றின் பேச்சுத் தமிழோடு அச்சிடுங்கள். நூறு வினைகளை ஒரு பக்கத்தில் அடைப்பதைவிட வாரத்துக்கு ஐந்து வினைகள் போதும். 'கெற்' என்பதற்கு அடுத்ததாக 'ரேக்', 'மேக்', 'புற்', 'ஹாவ்' ஆகியவற்றை எடுக்கலாம், அவையும் இதே சிக்கலை உடையவை. இடம் போதாவிட்டால் பரீட்சை வாழ்த்து விளம்பரங்களின் பக்கத்தில் அரை நிரல் ஒதுக்கினாலும் சரி.

இங்ஙனம்,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
மாங்குளம்.